விருந்தாளிகளுக்கு ஃப்ரிட்டாட்டா, டோர்ட்டியா: ஓவன் இல்லாமல் செய்வது எப்படி? எவ்வளவு நேரம் மேசையில் வைக்கலாம்?

சனிக்கிழமை இரவு ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் வீட்டுக்கு வருகிறார்கள். பெங்களூருவிலோ குருகிராமிலோ ஒரு வாடகை ஃபிளாட், ஒரு இண்டக்‌ஷன் ஸ்டவ், ஃபிரிட்ஜில் ஒரு டஜன் முட்டை. ஆளுக்கொரு ஆம்லெட் போட்டுக் கொடுத்துடலாம் என்று நினைத்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். முதல் ஆள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, நான்காவது ஆளுக்கு நீங்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பீர்கள். வந்தவர்கள் ஹாலில் பேசிச் சிரிக்க, அழைத்த நீங்கள் மட்டும் அடுப்படியில்.

இத்தாலியின் ஃப்ரிட்டாட்டாவும் ஸ்பெயினின் டோர்ட்டியாவும் இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். ஆறு அல்லது எட்டு முட்டையை ஒரே சட்டியில் கனமாக வேகவைத்து, கேக் மாதிரி துண்டு போட்டு வைக்கும் பதார்த்தங்கள் இவை. சூடாகத்தான் சாப்பிடணும் என்ற கட்டாயம் கிடையாது. ஆறினாலும் ருசி குறையாது. விருந்தாளிகள் வருவதற்கு முன்பே செய்து முடித்துவிடலாம் என்பதுதான் இவற்றின் பெரிய வசதி. ஆனால் “ஆறினாலும்” என்ற அந்தச் சொல்லில் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அதையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஆம்லெட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆம்லெட் மெல்லியது, அதிகச் சூட்டில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஃப்ரிட்டாட்டாவும் டோர்ட்டியாவும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் கனம். குறைந்த தீயில் நேரம் எடுத்து வேகும். நம்ம ஊர் கரண்டி ஆம்லெட் சாப்பிட்டிருந்தால், கனமான முட்டை எப்படி உள்ளே மிருதுவாக இருக்கும் என்பது உங்கள் நாக்குக்கு ஏற்கெனவே தெரியும். அதையே 24 சென்டிமீட்டர் சட்டி அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் எளிது. டோர்ட்டியா என்றால் உருளைக்கிழங்கு, முட்டை, எண்ணெய், உப்பு. வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்பதில் ஸ்பெயின் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. சேர்ப்பவர்களுக்கு ஒரு பெயர், சேர்க்காதவர்களுக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். ஃப்ரிட்டாட்டாவில் அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. காய், கீரை, சீஸ், மிச்சமான பாஸ்தா எதுவும் உள்ளே போகலாம். பொரிப்பது என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லில் இருந்துதான் அந்தப் பெயர் வந்தது. நேபிள்ஸ் பக்கம் மிச்சமான ஸ்பகெட்டியை முட்டையில் கலந்து செய்யும் ஃப்ரிட்டாட்டா, சுற்றுலா போகும்போது கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு. நமக்குப் புளியோதரை மாதிரி.

சூப்பர்மார்க்கெட்டில் டோர்ட்டில்லா என்று சப்பாத்தி மாதிரி ஒன்றை விற்கிறார்களே, அது மெக்சிகோவுடையது. ஸ்பானிய மொழியில் இந்தச் சொல்லுக்குச் சின்ன வட்ட அடை என்று பொருள். மெக்சிகோவுக்குப் போன ஸ்பானியர்கள் அங்கிருந்த சோள ரொட்டிக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். எழுத்து ஒன்றுதான். ஸ்பானியர்கள் உச்சரிப்பது ‘டோர்ட்டியா’ என்று.

கொஞ்ச முட்டை, நிறைய வயிறு

டோர்ட்டியாவைக் கண்டுபிடித்தவர் யார் என்பதற்கு ஸ்பெயினில் கதைகள் உண்டு. 1835-இல் பில்பாவோ முற்றுகையின்போது சுமலகாரெகி என்ற தளபதி தன் படைக்குச் சோறு போட இதை உருவாக்கினார் என்பது ஒரு கதை. அது கதைதான். ஏனென்றால் அதற்கு முன்பே, 1817-இல், நவாரா பகுதியின் மன்றத்துக்குப் போன ஒரு மனுவில் இந்தப் பதார்த்தம் வந்துவிடுகிறது. விவசாயக் குடும்பங்களின் வறுமையைச் சொல்லும் அந்த மனு, இரண்டு மூன்று முட்டையில் உருளைக்கிழங்கும் ரொட்டித் தூளும் கலந்து ஐந்தாறு பேருக்குப் பெரிய அடையாகச் செய்யத் தெரிந்த பெண்களைப் பற்றிப் பேசுகிறது. எக்ஸ்ட்ரிமதுராவில் உள்ள வில்யநுவேவா டி லா செரேனா என்ற ஊர், 1798-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றைக் காட்டி இது எங்க ஊரில்தான் பிறந்தது என்கிறது.

இரண்டு முட்டையை ஐந்து பேருக்குப் பங்கிடும் கணக்கிலிருந்து வந்த உணவு, இன்று விருந்துச் சாப்பாடாக நிற்கிறது. உங்கள் ஒரு டஜன் முட்டையும் எட்டுப் பேருக்கு வயிறார வரும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இந்தியாவிலும் இதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். மும்பை பார்சிகள் வதக்கிய உருளைக்கிழங்கின் மேல் முட்டைகளை உடைத்து ஊற்றி, மூடிபோட்டு வேகவைக்கிறார்கள். வட கேரளத்தின் காய்ப்போளா இன்னும் நெருக்கம். நெய்யில் வதக்கிய நேந்திரம்பழத்தை, சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து அடித்த முட்டையில் கலந்து, குறைந்த தீயில் மூடி வேகவிட்டு, தட்டில் கவிழ்த்துத் திருப்பிப்போடும் நோன்புக் காலப் பலகாரம் அது. இனிப்பை எடுத்துவிட்டால் கைவேலை அப்படியே டோர்ட்டியாதான்.

முட்டை எந்தச் சூட்டில் வேகிறது?

செய்முறைக்கு முன்னால் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வெள்ளைக்கரு சுமார் 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்குகிறது. மஞ்சள் கரு 65 முதல் 70-க்குள். இரண்டையும் சேர்த்து அடித்த முட்டை 70-ஐத் தாண்டும்போது முழுசாக உறைந்துவிடும். அதற்கு மேல் சூடு ஏற ஏற, புரதங்கள் இறுகி உள்ளிருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். ரப்பர் மாதிரி இருக்கிறது, தட்டில் தண்ணீர் விட்டிருக்கிறது என்று நாம் சொல்வது அதைத்தான்.

ஆக, பச்சையாக இருப்பதற்கும் பதம் தப்புவதற்கும் இடையில் இருப்பது சில டிகிரிதான். மெல்லிய ஆம்லெட்டில் இது பெரிய விஷயமில்லை. நான்கு சென்டிமீட்டர் கனத்தில் தீயைக் கூட்டினால், அடி கருகி, ஓரம் இறுகி, நடு மட்டும் பச்சையாக நிற்கும். குறைந்த தீ, மூடி, பொறுமை. இந்த மூன்றும் இருந்தால் ஓவன் தேவையே இல்லை. இத்தாலிய வீடுகளிலும் ஃப்ரிட்டாட்டாவை அடுப்பிலேயே புரட்டிப்போட்டுச் செய்வது பழைய வழக்கம்தான். ஓவன் இல்லாததால் ஏதோ குறைந்துபோனதாக நினைக்க வேண்டாம்.

இண்டக்‌ஷனில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். சாதாரண இண்டக்‌ஷன் ஸ்டவ்கள் பலவும் குறைந்த பவரில் வைத்தால் தொடர்ந்து மெதுவாக எரியாது. சில விநாடி முழு வேகம், சில விநாடி நிறுத்தம் என்று மாறி மாறி ஓடும். அதனால் சட்டியின் நடுவில் ஒரு வட்டம் மட்டும் கருகும். அடிகனமான சட்டியை எடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியைக் கொஞ்சம் நகர்த்தி, திருப்பி வையுங்கள். கேஸ் அடுப்பு என்றால் சின்ன பர்னர் போதும்.

டோர்ட்டியா: படிப்படியாக

ஆறு முட்டை, அரை கிலோ உருளைக்கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், உப்பு, எண்ணெய். 22 முதல் 24 சென்டிமீட்டர் நான்-ஸ்டிக் சட்டி. இது நாலு பேருக்குச் சாப்பாடு, எட்டுப் பேருக்கு நொறுக்குத் தீனி. ஆறு பேர் வந்தால் இரண்டு தடவை செய்யுங்கள். பன்னிரண்டு முட்டையை ஒரே சட்டியில் ஊற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். புரட்டவும் முடியாது, நடு வேகவும் வேகாது.

ஸ்பெயினில் ஆலிவ் எண்ணெய். நீங்கள் சூரியகாந்தி எண்ணெயோ ரீஃபைண்டு கடலை எண்ணெயோ எடுத்துக்கொள்ளலாம். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வில்லையாக நறுக்கி, கால் லிட்டர் எண்ணெயில் போடுங்கள். கால் லிட்டரா என்று பதற வேண்டாம். பெரும்பகுதி வடித்துத் திரும்பக் கிடைத்துவிடும், அடுத்த நாள் தாளிக்கலாம். இங்கே நாம் சிப்ஸ் பொரிக்கவில்லை. எண்ணெயில் சின்னச் சின்னக் குமிழ் மட்டும் வரும் சூட்டில், 20 முதல் 25 நிமிடம், கிழங்கு சிவக்காமல் வேகணும். பாதி நேரம் ஆனதும் மெல்லிசாக நறுக்கிய வெங்காயத்தைச் சேருங்கள். கரண்டியால் அழுத்தினால் கிழங்கு உடைய வேண்டும். அதுதான் பதம்.

எண்ணெயை வடித்துவிட்டு, கிழங்குக்கு முக்கால் டீஸ்பூன் உப்பு போட்டுப் பிரட்டி, ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். முட்டைகளை வேறு பாத்திரத்தில் கால் டீஸ்பூன் உப்போடு அடியுங்கள். நுரை பொங்க அடிக்க வேண்டாம், மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் போதும். வெதுவெதுப்பான கிழங்கை முட்டையில் கொட்டிக் கலந்து பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிழங்கு முட்டையை உறிஞ்சிக்கொள்வது அப்போதுதான். அதை விட்டால் வெட்டும்போது கிழங்கு தனி, முட்டை தனி என்று சரிந்துவிடும்.

சட்டியில் இரண்டு ஸ்பூன் எண்ணெயைக் காயவிட்டு, நடுத்தரத் தீயில் கலவையை ஊற்றுங்கள். முதல் ஒரு நிமிடம் மரக்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத் தள்ளிக்கொடுங்கள். பிறகு தீயைக் குறைத்து, மூடி, ஆறேழு நிமிடம் விடுங்கள். ஓரம் உறைந்து, மேலே நடுவில் மட்டும் ஈரம் தெரியும்போது புரட்டணும்.

புரட்டுவதுதான் எல்லோரும் பயப்படும் இடம். சட்டியைவிடப் பெரிய, தட்டையான தட்டு ஒன்றை எடுங்கள். விளிம்பு உயர்ந்த சாப்பாட்டுத் தட்டு சரிவராது. சட்டியை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள், அடை ஒட்டாமல் நகரணும். தட்டைக் கவிழ்த்து மூடி, அதன் மேல் துணியோடு உள்ளங்கையை அழுத்தி வைத்து, சிங்க் பக்கம் போய் ஒரே வீச்சில் திருப்புங்கள். தயங்கினால்தான் சிந்தும். தட்டிலிருந்து மெல்லச் சறுக்கவிட்டுச் சட்டிக்கே திருப்பி அனுப்பி, ஓரங்களைக் கரண்டியால் உள்ளே மடித்துவிடுங்கள். இன்னும் நாலைந்து நிமிடம். அடுப்பை அணைத்த பிறகும் உள்சூட்டில் அது கொஞ்ச நேரம் வேகும் என்பதால், ஐந்து நிமிடம் கழித்து நடுவில் கத்தியைக் குத்திப் பாருங்கள். முட்டை திரவமாக ஒட்டி வரக்கூடாது. இட்லி வெந்ததா என்று குத்திப் பார்ப்பீர்களே, அதேதான்.

கிழங்கு வதக்கவெல்லாம் நேரமில்லை என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. அதைப் பிரபலமாக்கியவர் சாதாரண ஆளில்லை, எல் புல்யி உணவகத்தின் ஃபெரான் அட்ரியா. உருளைக்கிழங்கு சிப்ஸை அடித்த முட்டையில் ஊறவைத்து அப்படியே டோர்ட்டியாவாகச் சுட்டுவிடலாம். ஆறு முட்டைக்கு 100 கிராம் சிப்ஸ், பத்து நிமிட ஊறல், தனியாக உப்பு வேண்டாம். தெருமுனை ஹாட் சிப்ஸ் கடையில் மிளகாய்த்தூள் போடாத வெறும் உப்புச் சிப்ஸாகக் கேட்டு வாங்குங்கள். அசல் மாதிரி வராதுதான். ஆனால் அரை மணி நேரத்தில் ஒரு விருந்து தேறும்.

ஃப்ரிட்டாட்டாவில் தண்ணீர்தான் எதிரி

எட்டு முட்டை, வதக்கிய காய் இரண்டு கப், துருவிய சீஸ் 60 கிராம், 24 முதல் 26 சென்டிமீட்டர் சட்டி. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மீதியை உங்கள் ஃபிரிட்ஜிடம் விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தக்காளி, காளான், கீரை, சுரைக்காய், குடைமிளகாய் எதுவாக இருந்தாலும் முதலில் வதக்கித் தண்ணீரை வற்றவிட்டுத்தான் முட்டையில் சேர்க்கணும். பச்சையாகப் போட்டால் வேகும்போது தண்ணீர் விட்டு, அடை நொளநொளவென்று ஆகிவிடும். கீரையை வதக்கி, ஆறவிட்டு, கையால் பிழிந்துவிடுங்கள்.

வேகவைக்கும் முறை டோர்ட்டியா மாதிரியேதான், குறைந்த தீயில் மூடி 10 முதல் 12 நிமிடம். மூடியில் கோர்க்கும் ஆவி மேலே சொட்டும் என்பதால், தம் பிரியாணிக்குச் செய்வதுபோல் மூடியைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள். துணியின் முனைகள் மேலே இருக்கட்டும், தீயில் படக்கூடாது. ஓடிஜி இருந்தால் அடி உறைந்ததும் சட்டியை உள்ளே வைத்து மேல் கம்பியை மட்டும் போடலாம், பிளாஸ்டிக் கைப்பிடி இல்லாத சட்டியாக இருந்தால்.

எந்தக் காய் நல்லா இருக்கும் என்று கேட்டால், என் ஓட்டு வெங்காயத்துக்குத்தான். நாலு வெங்காயத்தைக் குறைந்த தீயில் அரை மணி நேரம் பொன்னிறமாக வதக்கி, மிளகு மட்டும் போட்டுச் செய்யும் வெங்காய ஃப்ரிட்டாட்டாவுக்குச் சீஸ்கூட வேண்டாம். கரம் மசாலா சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஆனால் அப்புறம் அது மசாலா ஆம்லெட்டின் அண்ணனாகத்தான் இருக்கும். கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் போதும்.

எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

இந்த விஷயத்தில் ஸ்பானியச் சமையல் வீடியோக்களை அப்படியே நம்ப வேண்டாம். டோர்ட்டியாவைக் காலையில் செய்து மதியம்வரை மேடையில் வைப்பதை அவற்றில் பார்ப்பீர்கள். கலீசியாவின் பெட்டான்சோஸ் ஊர் டோர்ட்டியாவின் பெருமையே, வெட்டினால் உள்ளேயிருந்து முட்டை வழிவதுதான். சாப்பிட அருமை. ஆனால் 2023-இல் மாட்ரிட்டில் ஒரு பிரபல உணவகத்தில் டோர்ட்டியா சாப்பிட்ட சுமார் நூறு பேர் சால்மொனெல்லா பாதிப்பால் அவதிப்பட்டார்கள். ஸ்பெயினின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி, உணவகங்களில் முட்டைப் பதார்த்தத்தின் நடுப்பகுதி 70 டிகிரியில் 2 விநாடியோ 63 டிகிரியில் 20 விநாடியோ இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பாஸ்டரைஸ் செய்த முட்டையைப் பயன்படுத்தணும்.

வீட்டுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு எளிது. முட்டைப் பதார்த்தத்தின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொடணும். சமைத்த உணவு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத ஹால் என்றால் உங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் வழியும் நடுப்பகுதி என்ற பேச்சே வேண்டாம்.

இதில் இன்னொரு நடைமுறைச் சிக்கல்: எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள். ஏழு மணிக்கே செய்து வைத்தால், அவர்கள் வருவதற்குள் உங்கள் நேரம் முடிந்துபோயிருக்கும். அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். காய், கிழங்கு, வெங்காயம் எல்லாம் மதியமே வதக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். முட்டையை மட்டும் உடைக்க வேண்டாம். “கிளம்பிட்டோம்” என்று மெசேஜ் வந்ததும் கிழங்கை வெதுவெதுப்பாகச் சூடாக்குங்கள், “கீழே நிக்கிறோம்” என்றதும் முட்டையை அடியுங்கள். அவர்கள் செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, டிராஃபிக்கைத் திட்டி முடிப்பதற்குள் ஊறல் நேரம் சரியாக இருக்கும்.

முட்டையை ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய பாத்திரத்தில் ஊற்றுங்கள், ஒரு கெட்ட முட்டை மீதி ஏழையும் கெடுக்கும். ஓடு விரிசல் விட்டதை ஒதுக்கிவிடுங்கள். பச்சை முட்டை ஊற்றிய பாத்திரத்தையோ புரட்டிய தட்டையோ கழுவாமல் அதிலேயே வெந்ததை எடுத்து வைக்கும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. விருந்தாளியின் வயிற்றைக் கெடுக்க அது ஒன்றே போதும்.

டோர்ட்டியாவுக்குத் தொட்டுக்கொள்ள ஸ்பெயினில் பூண்டு மயோனைஸ் வைப்பார்கள். பச்சை முட்டையில் அதை வீட்டில் அடிக்க வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது, அதற்கு முன்பே கேரளமும் தெலங்கானாவும் தடை போட்டன. கெட்டித் தயிரில் பூண்டைத் தட்டிப் போட்டு உப்பும் கொஞ்சம் எண்ணெயும் கலந்தால் அதே வேலையைச் செய்யும்.

யார் முட்டை சாப்பிடுவார்கள்?

மெனுவை முடிவுசெய்யும் முன் கேட்டுவிடுங்கள். பாக்கெட் உணவுகளில் முட்டை சேர்ந்தால் அசைவக் குறியீடு போடணும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆனால் வீட்டுக்கு வீடு கணக்கு வேறு. முட்டை மட்டும் சாப்பிடும் சைவர்கள் உண்டு. மட்டன் சாப்பிட்டாலும் வெள்ளி, சனிக்கிழமைகளில் முட்டையைத் தொடாதவர்கள் உண்டு. புரட்டாசியிலும் நவராத்திரியிலும் உங்கள் ஆபீஸ் கேன்டீனே சாட்சி. நீங்கள் அழைத்திருப்பது சனிக்கிழமை என்பதையும் யோசியுங்கள். வந்த பிறகு தட்டைத் தள்ளிவைத்து “பரவாயில்ல, நான் சாலட் எடுத்துக்கறேன்” என்று ஒருவர் சொல்வது இரண்டு பக்கமும் சங்கடம்.

அப்படி ஒருவர் இருந்தால், மகாராஷ்டிரத்தில் டொமேட்டோ ஆம்லெட் என்று சொல்லும் கடலைமாவு அடையை அவருக்குப் போடுங்கள். கடலைமாவு, தக்காளி, வெங்காயம், மஞ்சள்தூள், கொத்தமல்லி, முட்டை கிடையாது. அதை முதலில், வேறு சட்டியில், வேறு கரண்டியில் செய்து தனியாக மூடி வையுங்கள். எந்தச் சட்டியில் செய்தீர்கள் என்று அவர் கேட்கமாட்டார். நீங்களே சொல்லிவிடுங்கள், நிம்மதியாகச் சாப்பிடுவார்.

மிச்சமானால்?

நேரக் கணக்குக்குள் ஃபிரிட்ஜில் போய்விட்டால் மூன்று நாள்வரை வைக்கலாம். ஸ்பெயினில் டோர்ட்டியாத் துண்டை நீள ரொட்டிக்குள் வைத்துச் சாண்ட்விச்சாகச் சாப்பிடுகிறார்கள். நீங்கள் பன்னோ பாவோ வாங்கி, வெண்ணெய் தடவி, துண்டை ஆவி பறக்கச் சூடாக்கி உள்ளே வையுங்கள். கூடவே கொஞ்சம் மாங்காய் ஊறுகாய். திங்கட்கிழமை டிபன் பாக்ஸ் தயார்.